வெளிநாட்டுக்குக் குடிபோற ஊரை முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ஊர் காத்தையும் பாருங்க: முழு வழிகாட்டி

போன வருஷம் போகி அன்னிக்கு விடியக்காலைல நாலரை மணிக்கு என் பையனுக்கு நெபுலைசர் மாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு கட்டில்ல உக்காந்திருந்தேன். சென்னைல இருக்கறவங்களுக்கு இது புதுசு இல்ல, தெருவுல பழைய பாயும் டயரும் எரியும், ஜன்னலைச் சாத்தினாலும் வாடை உள்ள வந்துடும், 2018 போகி அன்னிக்கு புகையும் பனியும் சேந்து ஏர்போர்ட்ல விமானங்களே தாமதமாச்சு. போன வருஷ போகி அப்ப பையனுக்கு ஆறு வயசு. அந்த வாரம்தான் வீட்டுக்காரர் ஆபீஸ்ல மூணு ஊர் சொல்லி எதுவேணா எடுத்துக்கோங்கன்னு சொல்லியிருந்தாங்க, துபாய், சிங்கப்பூர், போலந்துல கிராகோவ். நாங்க ஒரு எக்செல் ஷீட் போட்டு சம்பளம், வாடகை, ஸ்கூல் ஃபீஸ், ஊருக்கு டிக்கெட் விலை, கோயில் பக்கத்துல இருக்கா, முருங்கைக்காய் கிடைக்குமா வரைக்கும் எழுதி வெச்சிருந்தோம். பையன் மூச்சு இழுக்கறதப் பாத்துக்கிட்டே யோசிச்சேன், அத்தனை கட்டத்துல காத்துன்னு ஒரு கட்டமே இல்ல.

அப்புறம் மூணு மாசம் இதையேதான் படிச்சேன். ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது காத்து மாசைக் கணக்குல எடுக்கணுமான்னு கேட்டா, கண்டிப்பா எடுக்கணும். ஆனா எவ்ளோ எடுக்கணும்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும், வருஷத்துக்கு வருஷம் மாறும், அதவிட முக்கியமா தெருவுக்குத் தெரு மாறும். நான் செஞ்ச வரிசையிலயே சொல்றேன்.

படி 1: யாரு போறீங்க, எத்தனை வருஷத்துக்குப் போறீங்க

ஊர்ப் பேரைக் கூகுள் பண்றதுக்கு முன்னாடி இதை ஒரு பேப்பர்ல எழுதுங்க. பேச்சுலரா ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல போறவரும், கைக்குழந்தையோட பி.ஆர். (நிரந்தரமா தங்கற அனுமதி) வாங்கற எண்ணத்துல போறவங்களும் ஒரே ஊருக்குப் போனாலும் ஒரே முடிவு எடுக்கக் கூடாது.

காத்து மாசுல நம்ம முக்கியமா பாக்கவேண்டியது பிஎம் 2.5, அதாவது ரெண்டரை மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்கற தூசி, தலைமுடி கனத்துல இருபதுல ஒரு பங்கு கூட இருக்காது, அதனால மூக்குலயும் தொண்டையிலயும் நிக்காம நுரையீரலோட அடிவரைக்கும் போயிடும், அதுல ரொம்பப் பொடிசா இருக்கறது ரத்தத்துலயும் கலந்துடும். இருமல் மட்டும் இல்ல, மாரடைப்பும் பக்கவாதமும் இதோட சம்பந்தப்பட்டதுதான். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2013லயே வெளிக்காத்து மாசை புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியானதுகள்ல, சிகரெட் இருக்கற அதே பட்டியல்ல, சேத்துட்டாங்க. சிகாகோ பல்கலைக்கழகத்தோட ஒரு கணக்கு இருக்கு: ஒரு கன மீட்டர் காத்துல பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடுதலா இருந்து அதையே ஆயுசு முழுக்க சுவாசிச்சா, சராசரியா ஒரு வருஷ ஆயுசு குறையும். ஆயுசு முழுக்கங்கற வார்த்தைய கவனிங்க, ரெண்டு வருஷத்துக்குப் போற இருபத்தஞ்சு வயசு ஆளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

குழந்தைங்க விஷயம் வேற. தென் கலிஃபோர்னியால 1990கள்ல இருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைங்களோட நுரையீரல் வளர்ச்சிய வருஷா வருஷம் ஊதச் சொல்லி அளந்தாங்க. மாசு அதிகமான ஊர்ல வளர்ற பிள்ளைங்களுக்கு நுரையீரல் வளர்ச்சி குறைவா இருந்தது. அப்புறம் அங்க காத்து சுத்தமாக ஆரம்பிச்சதும் அடுத்தடுத்து வந்த பிள்ளைங்களோட நிலைமை மாறுச்சு, 15 வயசுல நுரையீரல் திறன் ரொம்பக் குறைவா இருந்த பிள்ளைங்க 7.9 சதவீதத்துல இருந்து 3.6 சதவீதமா குறைஞ்சாங்க, இது 2015ல வெளிவந்தது. எனக்கு இதைப் படிச்சப்ப அழுகையே வந்துடுச்சு, பயத்துல இல்ல, நல்ல காத்துக்குக் கூட்டிட்டுப் போனா பிரயோஜனம் உண்டுன்னு தெரிஞ்சதால.

அதனால வீசிங் இருக்கற குழந்தை, கர்ப்பமா இருக்கறவங்க, கூட வரப்போற வயசான அம்மா அப்பா, ஹார்ட் பிரச்சனை இருக்கறவங்க, இதுல ஒருத்தர் இருந்தாலும் காத்துங்கறது சம்பளத்துக்கு அடுத்த கட்டமா வரணும், முருங்கைக்காய்க்கு அப்புறம் இல்ல. என் மாமனார் முப்பது வருஷம் ஃபேக்டரி நிறைஞ்ச மணலிப் பக்கம் வேலை பாத்தவர், "நாங்கல்லாம் அந்தப் புகையிலதான்மா வாழ்ந்தோம்"னு சொன்னார். உண்மைதான், ஆனா அவர் இப்ப ராத்திரி ரெண்டு தலகாணி வெச்சுத்தான் தூங்கறார், அதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

படி 2: ஏக்யூஐ-ய மூடி வெச்சுட்டு மைக்ரோகிராமைப் பாருங்க

இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஏக்யூஐ, அதாவது காத்து எவ்ளோ மோசம்னு காட்டற குறியீட்டு எண், உலகம் பூரா ஒரே அளவுகோல்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு ஊரை ஒப்பிடறாங்க, அது தப்பு, ஒவ்வொரு நாடும் அதை அவங்க இஷ்டத்துக்கு வகுத்து வெச்சிருக்கு. ஒரு நாள் சராசரியா பிஎம் 2.5 அம்பது மைக்ரோகிராம் இருக்கற அதே காத்தை எடுத்துக்கோங்க. இந்தியாவோட கணக்குல அது சுமார் 83, 'திருப்தி'ன்னு பச்சையில வரும். சிங்கப்பூரோட பிஎஸ்ஐ கணக்குல சுமார் 94, 'மிதமானது'. அமெரிக்கக் கணக்குல சுமார் 137, அதாவது வீசிங் இருக்கறவங்களுக்கு ஆகாதுன்னு ஆரஞ்சு. நுரையீரலுக்கு மூணும் ஒண்ணுதான்.

அதனால ஆப்ல, வெப்சைட்ல எங்க பாத்தாலும் 'பிஎம் 2.5, மைக்ரோகிராம்' இருக்கற எண்ணைத் தேடுங்க. முதல்ல வருஷ சராசரி. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன எல்லை 5, அதுக்கு முன்னாடி 2005ல இருந்து 10ன்னு வெச்சிருந்தாங்க. அமெரிக்கா 2024ல 12ஐ 9ஆ இறக்கினாங்க, ஐரோப்பிய யூனியன் இப்ப இருக்கற 25ஐ 2030க்குள்ள 10ஆ இறக்கணும்னு சட்டம் போட்டிருக்காங்க, இந்தியாவோட எல்லை 40. இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, 'அரசாங்க எல்லைக்குள்ளதான் இருக்கு'ங்கற வார்த்தைய எந்த ஊர்ல கேட்டாலும் எந்த எல்லைன்னு திருப்பிக் கேளுங்க.

எங்க ஷீட்ல வந்தது சுமாரா இப்படி: சென்னை 25ல இருந்து 30, துபாய் 30க்கு மேல, கிராகோவ் 20ஐ ஒட்டி, சிங்கப்பூர் 15ஐ ஒட்டி. நீங்க இப்ப இருக்கற ஊரையும் பக்கத்துலயே எழுதுங்க, அது ரொம்ப முக்கியம். லண்டன் 10க்குள்ள வருது, சென்னைல இருந்து அங்க போறவருக்கு அதுவே பெரிய விடுதலை, சுவிஸ் மலை கிராமத்துல இருந்து வர்றவருக்கு அது மோசம். உங்களுக்கு எவ்ளோ மாறப்போகுதுங்கறதுதான் கேள்வி.

டேட்டா எங்கிருந்து வருதுன்னும் பாருங்க. ஊர்ல நிஜமான அளவு மெஷின் எத்தனை இருக்கு, எங்க இருக்கு? சில ஆப் மெஷினே இல்லாத இடத்துக்கும் சாட்டிலைட்டை வெச்சுக் கணக்குப் போட்டு ஒரு எண் காட்டும். பல நாடுகள்ல அமெரிக்கத் தூதரகம் வெச்சிருந்த மெஷினைத்தான் எல்லாரும் நம்பிப் பாத்துக்கிட்டிருந்தாங்க, 2025 மார்ச்ல அதோட தகவலை வெளியிடறத நிறுத்திட்டாங்க, அதனால அந்த ஊர்களுக்கு பழைய வருஷங்கள் கிடைக்கும், புதுசு வேற இடத்துல தேடணும். தனியார் வீடுகள்ல மாட்டியிருக்கற சின்ன சென்சார் ஈரப்பதம் அதிகமா இருந்தா கூட்டிக் காட்டும், ஆனா தெருவுக்குத் தெரு ஒப்பிடறதுக்கு நல்லா உதவும்.

படி 3: வருஷ சராசரிய நம்பி நிக்காதீங்க, மாசக் கணக்கு எடுங்க

20ன்னு ஒரு எண் பாத்துட்டு பரவால்லயேன்னு கிராகோவை டிக் பண்ணிட்டோம். அப்புறம் மாசம் மாசமா பிரிச்சுப் பாத்தா கோடையில பிரமாதம், டிசம்பர் ஜனவரியில அதுக்கு ரெண்டு மடங்கு, அதுலயும் காத்து அசையாத நாள்ல இன்னும் மேல. விஸ்துலா ஆத்துப் பள்ளத்துல ஊர் உக்காந்திருக்கு, குளிர்காலத்துல கீழ குளிர்ந்த காத்தும் மேல சூடான காத்தும் மூடி போட்ட மாதிரி ஆயிடும், புகை போறதுக்கு வழி இல்ல. ஆல்ப்ஸ் மலைக்குக் கீழ இருக்கற மிலானுக்கும் இதே கதைதான்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கெட்ட காலம் உண்டு. தாய்லாந்துல சியாங் மாய்க்கு பிப்ரவரியில இருந்து ஏப்ரல், காடும் வயலும் எரியற மாசம். பாங்காக்குக்கு டிசம்பர்ல இருந்து பிப்ரவரி, 2025 ஜனவரியில சுமார் 350 ஸ்கூலை மூடினாங்க. ஹனோய்க்கும் குளிர்காலம்தான். சியோலுக்கு வசந்த காலத்துல பாலைவனத்து மஞ்சள் தூசி. வளைகுடாவுக்கு கோடை ஷமால் காத்து கிளப்பற மணல். சிங்கப்பூர், மலேசியாவுக்கு ஜூன்ல இருந்து அக்டோபர், பக்கத்து இந்தோனேசியாவுல சுமத்ரா, கலிமந்தான்ல கரிநிலம் (மக்கின செடிகொடி சேர்ந்த சதுப்பு நிலம்) எரிஞ்சு வர்ற ஹேஸ்ங்கற புகைமூட்டம், அதுவும் வருஷா வருஷம் இல்ல, மழை பொய்க்கற எல் நினோ மாதிரி வருஷங்கள்ல. 2013 ஜூன்ல சிங்கப்பூர்ல பிஎஸ்ஐ 401 வரைக்கும் போச்சு, 2015 செப்டம்பர் 25ல அங்க பள்ளிக்கூடங்களையே மூடினாங்க.

வருஷ சராசரி ரொம்ப நல்லா இருக்கற ஊருக்கும் இது உண்டு. டொரன்டோவும் நியூயார்க்கும் 2023 ஜூன்ல கியூபெக் காட்டுத்தீ புகையில மூடிப் போச்சு. சிட்னிக்கு 2019-20 கோடை. மெல்போர்ன் கதை இன்னும் வேற, நம்மவங்க நிறைய இருக்கற ஊர்ங்கறதால அழுத்திச் சொல்றேன்: அங்க 2016 நவம்பர் 21ல இடியோட அடிச்ச புயல்ல புல் மகரந்தம் உடைஞ்சு பொடியாகி ஊர் முழுக்கப் பரவி ஒரே ராத்திரியில ஆயிரக்கணக்கான பேர் மூச்சுத்திணறல்னு ஆஸ்பத்திரிக்கு ஓடினாங்க, பத்து பேர் இறந்துட்டாங்க, பாதிக்கப்பட்டவங்கள்ல இந்திய, ஆசிய வம்சாவளி ஆளுங்க அதிக விகிதத்துல இருந்தாங்க, அதுவரை வெறும் தும்மல் மட்டும் இருந்தவங்களும் உண்டு. பிஎம் 2.5 பட்டியல்ல மெல்போர்ன் அழகாத்தான் தெரியும். அலர்ஜி இருக்கறவங்க மகரந்த சீசனையும் ஒரு கட்டமா போடுங்க.

கெட்ட காலம் ரெண்டு மாசம்தான்னா ஒரு வழி இருக்கு, ஊருக்கு லீவுல வர்றத அந்த மாசத்துக்கு மாத்தலாம், ஸ்கூல் லீவு ஒத்துவருதான்னு பாருங்க. துபாய் மாதிரி வருஷம் பூரா பரவலா இருந்தா அந்த வழி கிடையாது.

படி 4: புகை எங்கிருந்து வருது, கூடுதா குறையுதா

எதுல இருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் தப்பிக்க வழி தெரியும். பாலைவனத் தூசின்னா ஜன்னலைச் சாத்தி ஃபில்டர் போட்டா பெரும்பாலும் தப்பிக்கலாம். டீசல்னா ரோட்டை விட்டுத் தள்ளி வீடு பாக்கணும். வீட்டு அடுப்புக் கரின்னா குளிர்கால சாயங்காலம்தான் எதிரி. காட்டுத்தீன்னா முன்கூட்டியே தேதி சொல்ல முடியாது.

அடுத்தது, அஞ்சு பத்து வருஷ போக்கு. பழைய பேரை வெச்சு ஊரை ஒதுக்காதீங்க. பெய்ஜிங் 2013ல வருஷ சராசரி 89.5, அந்த வருஷம்தான் சீன அரசாங்கம் பெரிய திட்டம் போட்டு கரி பாய்லர்களை மூட ஆரம்பிச்சாங்க, 2024ல அது 30ஐ ஒட்டி வந்துடுச்சு. இன்னும் அதிகம்தான், ஆனா மூணுல ஒரு பங்கு ஆயிருக்கு. டோக்கியோல 1999ல அப்போதைய கவர்னர் இஷிஹாரா ஒரு பாட்டில்ல டீசல் கரியைப் போட்டு பத்திரிகைக்காரங்க முன்னாடி ஆட்டிக் காட்டினார், 2003ல டீசல் வண்டிக்குக் கட்டுப்பாடு வந்துச்சு, இன்னிக்கு அவ்ளோ பெரிய ஊருக்கு அங்க காத்து ஆச்சரியப்படற அளவுக்கு நல்லா இருக்கு. கிராகோவ்ல ஊர் ஜனங்களே 2012ல இருந்து 'ஸ்மாக் அலர்ட்'னு (புகைமூட்ட எச்சரிக்கை) இயக்கம் நடத்தி, 2019 செப்டம்பர் 1ல இருந்து ஊருக்குள்ள கரியும் விறகும் எரிக்கவே கூடாதுன்னு தடை கொண்டு வந்தாங்க. ஊருக்கு வெளிய சுத்து கிராமத்துல தடை அந்த அளவுக்கு இல்ல, அந்தப் புகைதான் இன்னும் உள்ள வருது. நீண்ட காலம் தங்கப் போறவங்களுக்கு இன்னிக்கு இருக்கற எண்ணை விட இந்தப் போக்குதான் முக்கியம்னு நான் நினைக்கிறேன், ஜனங்க சண்டை போடற ஊர்ல காத்து மாறும்.

படி 5: ஊரைப் பாத்தது போதும், இப்ப தெருவைப் பாருங்க

லண்டன்ல எலா கிஸ்ஸி-டெப்ராங்கற ஒன்பது வயசுப் பொண்ணு 2013 பிப்ரவரியில ஆஸ்துமாவுல இறந்துட்டா. லூயிஷம் பகுதியில சவுத் சர்குலர் ரோட்டுல இருந்து கொஞ்ச தூரத்துலதான் வீடு. அவங்க அம்மா வருஷக் கணக்குல போராடி 2020 டிசம்பர்ல மரண விசாரணை அதிகாரி அந்தச் சாவுக்கு காத்து மாசும் ஒரு காரணம்னு பதிவு பண்ணினார், பிரிட்டன்ல அதுதான் முதல் தடவை. லண்டனோட வருஷ சராசரிய மட்டும் பாத்திருந்தா இந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு புரியாது. டீசல் வண்டி விடற நைட்ரஜன் டை ஆக்சைடு பெரிய ரோட்டோரமாத்தான் குவியும், பிஎம் 2.5 எண்ணுல அது தெரியாது, தனியாத் தேடணும். உலக சுகாதார நிறுவனத்தோட எல்லை வருஷத்துக்கு 10 மைக்ரோகிராம்.

நல்ல சேதி என்னன்னா ரோட்டுப் புகை தூரம் போகப் போக வேகமாக் குறையும், நூத்தம்பதுல இருந்து முந்நூறு மீட்டர் தள்ளிப் போனாலே பெரிய வித்தியாசம். கலிஃபோர்னியால பெரிய ஹைவேயில இருந்து 500 அடிக்குள்ள புது ஸ்கூல் கட்டறதுக்கு 2003லயே சட்டத்துல கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. ஒரு தெரு உள்ள தள்ளி வீடு எடுக்கறதுக்கு வாடகை அதிகமாக்கூட ஆகாது.

வீடு பாக்கும்போது நான் செய்யறது: மேப்பைத் திறந்து ஹைவே, பஸ் டிப்போ, ரயில் யார்டு, துறைமுகம், ஏர்போர்ட், கட்டட வேலை நடக்கற இடம் இதெல்லாம் குறிச்சுக்குவேன். காத்து வழக்கமா எந்தத் திசையில இருந்து அடிக்குதுன்னு பாத்து, இந்த இடங்களுக்கு அந்தத் திசைப் பக்கமாவே, அதாவது புகை நம்ம பக்கம் அடிக்காத இடத்துல, வீடு தேடுவேன். அப்புறம் ஸ்கூல். பெரியவங்க இதை மறந்துடறாங்க, பிள்ளை ஒரு நாள்ல ஏழு மணி நேரம் ஸ்கூல்ல, அதுலயும் ஓடி விளையாடறது அங்கதான், ஓடும்போது மூச்சு பல மடங்கு வாங்கும். ஸ்கூல் கேட் மெயின் ரோட்டுலயா, கார் எல்லாம் எஞ்சினை ஓட விட்டுக்கிட்டு நிக்குதான்னு நேர்ல பாருங்க. டொரன்டோ போறவங்க ஸ்கார்பரோவுல நம்ம கடை, கோயில் எல்லாம் பக்கம்னு 401 ஹைவேயை ஒட்டின அபார்ட்மென்டை எடுத்துடறாங்க, அது வட அமெரிக்காவுலயே ரொம்ப பிஸியான ரோடு, ஒரு நாளைக்கு நாலு லட்சம் வண்டிக்கு மேல போற பகுதியெல்லாம் அதுல இருக்கு. அதே ஸ்கார்பரோவுல நாலு பிளாக் உள்ள போங்க, கடையும் கோயிலும் எங்கயும் ஓடிப் போகாது.

மேல் மாடி எடுத்தா ரோட்டுப் புகை குறையும், ஆனா ஹேஸ், தூசிப் புயல், காட்டுப் புகைக்கு இருபதாவது மாடியும் தப்பாது.

வேலையும் ஒரு தெரு மாதிரிதான். துபாய்ல கண்ணாடி ஆபீஸ்ல உக்காந்திருக்கறவர் சுவாசிக்கறதும் சைட்ல நிக்கறவர் சுவாசிக்கறதும் ஒண்ணு இல்ல. அங்க ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12.30ல இருந்து 3 மணி வரை வெளி வேலைக்குத் தடை இருக்கு, அது வெயிலுக்காக, தூசிக்காக இல்ல. சைட் வேலைக்குப் போற அண்ணன் தம்பிங்களுக்கு ஊரைத் தேர்ந்தெடுக்கற வசதி பெரும்பாலும் கிடையாது, அது மனசை உறுத்துது. குறைஞ்சபட்சம் என்95 மாஸ்க் ஒரு பெட்டி வாங்கிக் கொண்டு போகச் சொல்லுங்க, கைக்குட்டை கட்டறது பிஎம் 2.5க்கு உதவாது.

படி 6: வீட்டுக்குள்ள என்ன ஆகுதுன்னு பாருங்க

நாள்ல முக்கால்வாசி நேரம் உள்ளதான் இருக்கோம். மூணு விஷயம் பாருங்க. ஜன்னல் இறுக்கமா மூடுதா. வீட்டைச் சூடு பண்றது எப்படி, கிராகோவ் மாதிரி ஊர்ல ஊர் பொது வெந்நீர்க் குழாய்ல இருந்து சூடு வர்ற பிளாக் ஃபிளாட்டா இல்ல தனி அடுப்பா. மூணாவது சமையலறை, இது நமக்காகவே சொல்றேன், தினமும் தாளிக்கறவங்க நாம. கேஸ் அடுப்பு நைட்ரஜன் டை ஆக்சைடு விடும், எண்ணெய் புகைஞ்சா பிஎம் 2.5 சில நிமிஷத்துல நூறைத் தாண்டும். பல ஊர்கள்ல சிம்னின்னு மாட்டியிருக்கறது புகையை இழுத்து அதே ரூம்ல திருப்பி விடும், வெளிய போற குழாய் இருக்கான்னு வீட்டு ஓனர்கிட்ட கேளுங்க. இன்டக்‌ஷன் அடுப்பு இருந்தா இன்னும் நல்லது. சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் இதெல்லாம் மூடின ஃபிளாட்டுல ரொம்ப நேரம் நிக்கும். நான் சாமிக்கு இப்ப விளக்கு மட்டும் ஏத்தறேன், சாம்பிராணிய வெள்ளிக்கிழமை பால்கனியில.

ஸ்பிளிட் ஏசி காத்தை சுத்தம் பண்ணும்னு நினைக்காதீங்க, அதுல இருக்கற வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும், உள்ள இருக்கற காத்தையே சுத்தி விடும். பியூரிஃபையர் வாங்கறதா இருந்தா ஹெபா ஃபில்டர் இருக்கணும், அப்புறம் சிஏடிஆர்னு ஒரு எண் போட்டிருப்பாங்க, அது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காத்து தருதுன்னு. ரூமோட சதுர அடியை எடுத்து அதோட பத்துப் பதினைஞ்சு சதவீதம் கூட்டிக்கோங்க, 150 சதுர அடி ரூம்னா 170 வேணும், புகை சீசன் உள்ள ஊர்ன்னா அதுல ஒன்றரை மடங்கா வாங்குங்க, குறைஞ்ச வேகத்துல சத்தமில்லாம ஓட்டலாம். ஹால்ல வைக்காதீங்க, தூங்கற ரூம்ல வைங்க, எட்டு மணி நேரம் அங்கதான் இருக்கோம். ஹெபா தூசியைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது, அதுக்கு கனமான கார்பன் ஃபில்டர் வேணும். ஃபில்டர் மாத்தற செலவை வருஷக் கணக்குல ஷீட்ல ஏத்துங்க.

படி 7: முடிஞ்சா கெட்ட மாசத்துல ஒரு வாரம் போய் இருங்க

எல்லாரும் நல்ல சீசன்லதான் ஊர் சுத்திப் பாக்கப் போவாங்க. குடிபோறவங்க மோசமான மாசத்துல போகணும், குழந்தையோட. ராத்திரி இருமுதா, இன்ஹேலர் எத்தனை தடவை தேவைப்படுது, காலைல எழுந்தா மூக்கு எப்படி இருக்கு, இதைத் தேதியோட எழுதிட்டு வந்து உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. போக முடியலன்னா அங்க குழந்தையோட இருக்கற நம்ம ஆளுங்ககிட்ட கேளுங்க, ஆனா "காத்து எப்படி?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க. "போன ஜனவரியில பிள்ளைய எத்தனை நாள் வெளிய விளையாட விடல?"ன்னு கேளுங்க.

படி 8: ஆபீஸ்ல பேசுங்க

இதைக் கேக்கறதுல வெக்கமே வேணாம். 2014லயே பானசானிக் கம்பெனி சீனாவுக்கு அனுப்பற அவங்க ஜப்பான் ஊழியர்களுக்கு காத்து மாசுக்காக தனியா அலவன்ஸ் தரப்போறோம்னு அறிவிச்சாங்க. நீங்க கேக்க வேண்டியது: ஏற்கனவே இருக்கற ஆஸ்துமாவை இன்ஷூரன்ஸ் ஏத்துக்குதா, பியூரிஃபையர் செலவைத் தருவாங்களா, புகை நாள்ல வீட்டுல இருந்து வேலை பாக்கலாமா, உடம்பு ஒத்துக்கலன்னா ஒரு வருஷத்துல வேற ஊர் மாத்தித் தருவாங்களா. வாயால சொன்னா போதாது, மெயில்ல வாங்கிக்கோங்க. எங்க விஷயத்துல வாயால சொன்ன ஒரு வாக்குறுதி மேனேஜர் மாறினதும் காணாமப் போச்சு. வீட்டு அக்ரிமென்ட்லயும் நடுவுல விடற ஷரத்து இருக்கான்னு பாருங்க.

படி 9: எடை போட்டு முடிவு எடுங்க

நான் வெச்சுக்கிட்ட அளவு இது, நீங்க உங்க டாக்டரோட பேசி மாத்திக்கோங்க. வருஷ சராசரி 10க்குள்ள இருந்தா காத்தை விட்டுட்டு மத்தத வெச்சு முடிவு பண்ணலாம், காட்டுத்தீயும் மகரந்தமும் மட்டும் பாத்துக்கணும். 10ல இருந்து 20ன்னா தெருவையும் வீட்டையும் கவனமா எடுத்தா குழந்தையோட தாராளமாப் போகலாம். 20ல இருந்து 35ன்னா ஆரோக்கியமான பெரியவங்க சில வருஷத்துக்குப் போகலாம், வீசிங் குழந்தையோடன்னா கெட்ட மாசத்துக்கு வெளிய போக வழி இருந்தாத்தான். 35க்கு மேல இருந்தா சின்னக் குழந்தையோடயோ கர்ப்பமாவோ நான் போக மாட்டேன், சம்பளம் எவ்ளோ கூட இருந்தாலும். இதை எல்லாம் சொல்லிட்டு இன்னொண்ணும் சொல்லணும், காத்து மட்டுமே ஊர் இல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மூச்சு இழுத்தா இருபது நிமிஷத்துல குழந்தைங்க எமர்ஜென்சிக்குப் போக முடியற ஊரும், சுத்தமான காத்து இருந்தும் ஆஸ்பத்திரி ரெண்டு மணி நேரம் தள்ளி இருக்கற ஊரும் ஒண்ணு இல்ல.

இதே கணக்கை வெச்சு என் தம்பிய கிராகோவ் போன்னு நானே அனுப்பி வெச்சேன். அவனுக்கு 24 வயசு, ரெண்டு வருஷ எம்எஸ், உடம்புல ஒண்ணும் இல்ல, பொதுச் சூடு வர்ற ஃபிளாட்டுல ரூம் எடுத்திருக்கான், குளிர்காலத்துல புகை நாள்ல ஓட்டப் பயிற்சிக்கு வெளிய போகாம ஜிம்முக்குப் போறான். பையனை வெச்சுக்கிட்டு நாங்க அங்க போகல. துபாய்ல கையில நிக்கற காசு அதிகம், வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசாமகூட இருந்தார், அவர் கஷ்டம் எனக்குப் புரியுது, வீட்டு லோன் பாக்கி இருக்கு. அப்புறம் அவரே ஷீட்டைத் திறந்து போன வருஷம் ஆஸ்பத்திரிக்கும் மருந்துக்கும் ஆன செலவு, பையன் ஸ்கூலுக்குப் போகாத 31 நாள், எல்லாத்தையும் கூட்டிப் பாத்துட்டு சிங்கப்பூர்ன்னு சொன்னார்.

இங்க வந்து முதல் வாரத்துலயே செஞ்சது நாலு. பக்கத்து கிளினிக்ல குழந்தைங்க டாக்டரைப் பாத்து பழைய ரிப்போர்ட்டைக் குடுத்து, எப்ப எந்த இன்ஹேலர்னு எழுதின பேப்பர் வாங்கினோம். அதுல ஒரு காப்பியும் உபரி இன்ஹேலரும் ஸ்பேசரும் ஸ்கூல் ஆபீஸ்ல குடுத்தோம். சுற்றுச்சூழல் துறை ஆப்ல 24 மணி நேர பிஎஸ்ஐக்குப் பதிலா ஒரு மணி நேர பிஎம் 2.5 எண்ணைப் பாக்கப் பழகினோம், பிஎஸ்ஐ ஒரு நாள் சராசரிங்கறதால புகை வந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் ஏறும், ஒரு மணி நேர எண் 55க்குள்ள இருந்தா சாதாரணம்னு அவங்களே சொல்றாங்க. நாலாவது, பையன் முகத்துக்குப் பொருந்தற சைஸ்ல என்95 ரெண்டு பெட்டி ஜூலைலயே வாங்கி வெச்சுட்டோம், 2013ல ஹேஸ் உச்சத்துல இருந்தப்ப கடைகள்ல மாஸ்க் எல்லாம் வித்துத் தீந்து போயிருந்துச்சு.